பச்சைச் சாணத்தை வயலில் கொட்டுவதற்கு முன்னால்

மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கிற ஆன்டிபயாடிக் முழுவதும் உடம்பிலேயே செரித்துவிடுவதில்லை. டெட்ராசைக்ளின் மாதிரி மருந்துகளில் நல்ல பங்கு அப்படியே சாணத்தோடும் மூத்திரத்தோடும் வெளியே வருகிறது, கூடவே அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த பாக்டீரியாவும். அந்த பாக்டீரியாவை மருந்துக்குச் சாகாமல் காக்கும் எதிர்ப்பு மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்கிற மண் பாக்டீரியாவுக்குச் சுலபமாகக் கைமாறும். மண்ணில் எதிர்ப்பு மரபணு ஏற்கெனவே உண்டுதான் (1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்ததே ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்து; மருந்தைச் சுரக்கிற பாக்டீரியா தன்னைக் காக்க எதிர்ப்பும் வைத்திருக்கும்), அதனால் பூஜ்யமாக்க முடியாது. நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் குறைக்கலாம்.

முதல் வேலை, மருந்து ஓடிக்கொண்டிருக்கும் மாட்டின் சாணத்தைத் தனியாக ஒதுக்குவது. பலர் இதைச் செய்வதே இல்லை.

அப்புறம் சாணத்தை மட்க வைக்கும் குவியல். சாணம் மட்டும் போட்டால் நாறும், சூடேறாது. வைக்கோல், காய்ந்த இலை கலந்து, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25-லிருந்து 40 பங்கு கார்பன் வருகிற மாதிரி அடுக்குங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகினால் ஈரம் அதிகம். ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டராவது இல்லாவிட்டால் சூடு நிற்காது.

உள்ளே 55 டிகிரி செல்சியஸ் தாண்ட வேண்டும். நீள வரிசையாகக் குவித்தால் 15 நாளாவது அந்தச் சூட்டில் இருக்கணும், அதற்குள் 5 தடவை புரட்டணும், ஏனென்றால் வெளி ஓரம் எப்போதும் ஆறித்தான் கிடக்கும், அங்கேதான் பாக்டீரியா பதுங்கியிருக்கும். நீளத் தண்டுள்ள தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள், பிடிக்க முடியாத சூடு என்றால் சரி, ஆனால் இது தோராயம்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சூடு, நாள் கணக்கு நோய்க்கிருமிகளுக்காக வகுத்தது, மரபணுவுக்காக அல்ல. டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் நன்றாகக் குறைகின்றன. சல்ஃபா வகை மருந்துகளுக்கான சல்1 (sul1) என்ற எதிர்ப்பு மரபணு பிடிவாதம் பிடிக்கும், சில குவியல்களில் கூடிக்கூட விடும். அதனால் சூடு இறங்கியதும் அள்ளாமல் சில வாரமாவது ஆற விடுங்கள். தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் அளவுக்கு மேல் இருந்தால் அதையும் குறையுங்கள். உலோகம் மட்காது, அதைத் தாங்கும் மரபணுவோடு மருந்தெதிர்ப்பு மரபணுவும் ஒட்டிக்கொண்டு நீடிக்கும்.

போடும்போது, மழை வரும் நாளில் வேண்டாம், வாய்க்காலுக்குப் போய்விடும். பச்சையாகத் தின்னும் கீரை, கேரட் விளைகிற பாத்திக்கு முழுக்க மட்கிய எரு மட்டும்.