முதலில் மூக்கு, அப்புறம்தான் ஸ்பானர்: பழைய காரில் பெட்ரோல், ஆயில் ஒழுகலைக் கண்டுபிடிப்பது

எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் காலை ஒரு போட்டோ வந்தது. புதிதாகப் பதித்த பார்க்கிங் டைல்ஸ், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். யார் பெயரையும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. திருவான்மியூரில் எங்கள் பிளாக்கில் ஒழுகுகிற வயசில் இருப்பது என் வண்டி ஒன்றுதான். அப்பா 1996-இல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்ப்புரேட்டர் வைத்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். குனிந்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு மேடம், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் போயிருந்தது இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவரின் பேக்கிங்கும், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டரில் இருக்கிற ஒரு ரப்பர் வளையமும்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. இதைப் படித்துவிட்டு இறங்கினால் உங்களுக்கு ஒன்று போதும்.

பெட்ரோல் வாசனை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் ஆயிலைத் தள்ளிவையுங்கள். ஆயில் ஒழுகினால் டைல்ஸ் கெடும். பெட்ரோல் ஒழுகினால் வண்டியே எரியும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும் அதிகாலையில், திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். ஒயரில் தொங்கும் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், உடைந்தால் அதுவே தீக்குச்சி.

வாசனை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. டேங்க் ஃபுல் பண்ணின அன்றைக்கு மட்டும் வந்தால் டேங்கின் மேல்பக்கம்: பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர், அல்லது பெட்ரோல் அளவைக் காட்டுகிற ஃப்ளோட் யூனிட்டின் பேக்கிங். ஓட்டி வந்து நிறுத்தின பத்து நிமிஷத்தில் வந்தால் கார்ப்புரேட்டர்: நீடில் வால்வ் சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிகிறது. எந்நேரமும் வந்தால் ஹோஸ். கார்ப்புரேட்டர் வண்டியில் மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் சுற்றும்போதுதான் வேலை செய்யும். நிற்கும்போது காய்ந்திருக்கிற ஹோஸ்கூட ஓடும்போது வியர்க்கும். அதனால் நிறுத்தின உடனே ஒரு வெள்ளைத் துணியை ஒவ்வொரு இணைப்பிலும் சுற்றி ஒற்றிப் பாருங்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆனால் அது நின்ற இடத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு வளையம் விட்டுப்போகும். எனக்கு அந்த வளையம் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸின் முனையில், க்ளிப்புக்கு அடியில் இருந்தது. ஹோஸை லேசாக வளைத்தேன். காய்ந்த களிமண் மாதிரி வெடிப்பு விட்டது.

2023-இலிருந்து பெட்ரோல் பங்க்குகளில் படிப்படியாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் போட்ட ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. ஊறும், இளகும், பிறகு வெடிக்கும். அதனால் ஒரு துண்டு வெடித்திருந்தால் டேங்கிலிருந்து கார்ப்புரேட்டர் வரை, திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைன் உட்பட, எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். பழைய துண்டை ஒரு ஜிப் கவரில் போட்டு கார் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குக் கொண்டுபோய், உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருந்தால் நல்லது, எத்தனாலைத் தாங்கும். ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கிற வெள்ளை பிளாஸ்டிக் டியூப் வேண்டாம். கொஞ்ச நாளில் விறைத்துக் கழன்றுகொள்ளும். கழற்றும்போது டேங்க் பக்கத்திலிருந்து பெட்ரோல் தானாக ஓடி வரலாம். அடைக்க ஒரு போல்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, முழங்கை வரை பெட்ரோல்.

பம்ப் மட்டும் தனிக் கதை. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வெளியே தெரியாமல், நேராக இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரலாம். ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை ஓட்டவே கூடாது. பம்பை மாற்றினால் போதாது. நீர்த்துப்போன ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

டேங்க் ஓட்டை எங்கள் மாதிரி கடற்கரைப் பக்கத்து ஆட்களின் பாடு. உப்புக் காற்றில் டேங்கைத் தாங்கும் பட்டைக்கு அடியில் துரு பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழும். நடு ரோட்டில் அப்படியானால், அழுக்கைத் துடைத்துவிட்டு 501 பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைக்கலாம்; சோப்பு பெட்ரோலில் கரையாது. அது ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரத்தான். டேங்குக்கு வெல்டிங் வைக்கிற வேலையை வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

சரி, இப்போது ஆயில். ராத்திரி வண்டிக்கடியில் நியூஸ்பேப்பரை நாலு தாளாக விரியுங்கள். முன் சக்கரம் எங்கே நிற்கிறதென்று சாக்பீஸால் கோடு போடுங்கள், அப்போதுதான் சொட்டு எதற்கு நேர் கீழே என்று காலையில் தெரியும். தொட்டுப் பாருங்கள். கறுப்பாக வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, அழுகிய முட்டை வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாகத் தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் மஞ்சளாக வழுக்கினால் பிரேக் ஆயில். அன்றைக்கு பஸ்ஸில் போங்கள்.

சொட்டுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. ஆயில் மேலே கசிந்து, இன்ஜின் உடம்பில் இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னுக்குப் போய், எது தாழ்வான முனையோ அங்கே வந்துதான் சொட்டும். கியர்பாக்ஸ் சேரும் இடம் அப்படியொரு முனை. எனக்குக் கியர்பாக்ஸ் இறக்கச் சொன்ன கதை இதுதான்.

அதனால் கழுவாமல் எதையும் தீர்மானிக்காதீர்கள். ஆறின இன்ஜினில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிப்யூட்டரையும் கார்ப்புரேட்டர் வாயையும் பாலித்தீன் கவர் கட்டி மூடி, பழைய பெயின்ட் பிரஷ்ஷை டீசலில் தொட்டு அழுக்கை எடுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் சந்தேகப்படுகிற இடமெல்லாம் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். ஆமாம், வீட்டில் இருக்கிற அதே பவுடர்தான். புதுப்பேட்டையில் இருக்கிற மெக்கானிக் பாய் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. "மேடம், பவுடர் பொய் சொல்லாது" என்றார். பெசன்ட் நகர் வரை ஒரு சுற்றுப் போய்வந்து பானட்டைத் திறந்தேன். வெள்ளைக்கு நடுவே டிஸ்ட்ரிப்யூட்டர் உட்காரும் இடத்திலிருந்து நரம்பு மாதிரி ஒரு பழுப்புக் கோடு, நேராகக் கீழே கியர்பாக்ஸ் பக்கம் போயிருந்தது. வால்வ் கவர் ஓரத்திலும் அதே ஈரம்.

எப்போதும் உயரத்தில் இருக்கும் ஈரத்தை முதலில் சரிசெய்யுங்கள். கீழே இருப்பதில் பாதி அதோடு நின்றுவிடும்.

ஆனால் பேக்கிங் வாங்க ஓடும் முன் ஒன்று பாருங்கள். வால்வ் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகிற ப்ரீதர் ஹோஸ் அடைத்திருக்கிறதா? சென்னை டிராஃபிக்கில் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டிகளில் அதற்குள் மஞ்சள் பிசின் கட்டிக்கொள்ளும். உள்ளே சேரும் காற்றுக்குப் போக வழியில்லாமல், ஆயிலைப் பேக்கிங் வழியாகத் தள்ளும். புது பேக்கிங் போட்டாலும் மறுமாசம் கசியும். ஹோஸைக் கழற்றி வாயால் ஊதாமல், ஒயர் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

வால்வ் கவர் பேக்கிங் மாற்றுவது சுலபம். இரண்டு பக்கமும் பழைய பேக்கிங் துணுக்கு ஒட்டியிருக்கும், அலுமினியத்தைக் கீறாமல் பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். நட்டை இறுக்கும்போதுதான் எல்லோரும் கெடுப்பது: கசிகிறதென்று முறுக்க முறுக்க ரப்பர் பிதுங்கி இன்னும் கசியும். மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, கை நிற்கிற வரைதான். சிலிகான் பேஸ்டை அள்ளிப் பூச வேண்டாம். உள்ளே பிதுங்கினது உதிர்ந்து ஆயில் வழியில் போய் அடைக்கும்.

டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றும் முன், அதன் உடம்புக்கும் இன்ஜினுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு. மூடியைத் திறந்து, உள்ளே சுற்றுகிற ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று போனில் ஒரு போட்டோ. வெளியே எடுத்த பிறகு இன்ஜினைச் சுற்றக் கூடாது. எனக்கு வந்த பழைய வளையம் ரப்பராகவே இல்லை. நகத்தால் அழுத்தினால் வளையல் மாதிரி உடைந்தது. புதியதில் கொஞ்சம் ஆயில் தடவி, கோட்டுக்கு நேராகக் கோடு வைத்துப் பொருத்துங்கள். பிறகு டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வருகிற நேரத்தை, ஒரு மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

ட்ரெயின் போல்ட்டில் கசிந்தால் வாஷர், ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் புதிது போடுங்கள். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஈரமாக இருந்தால் ஸ்விட்சையே மாற்றுங்கள். ஃபில்டர் மாற்றின மறுநாளே கொட்டினால், பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கும், எடுத்துவிட்டுப் போடுங்கள்.

டைமிங் பெல்ட் பக்கம் ஈரம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். கேம் ஷாஃப்ட் சீலோ கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பக்க சீலோ கசிந்து பெல்ட்டில் ஆயில் படுகிறது. ஊறின பெல்ட் அறுந்துவிடும். கவரைக் கழற்றும்போதே இரண்டு சீலையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான். இது நான் செய்கிற வேலை இல்லை, பாயிடம்தான் விடுவேன்.

எல்லாம் முடித்த பிறகும் என் பேப்பரில் வாரத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. ஒருவேளை அது அந்தப் பின் சீலேதான். அதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கப் போவதில்லை. க்ளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரும்போது எப்படியும் இறக்கித்தான் ஆக வேண்டும், அன்றைக்கு அதையும் போட்டுவிடலாம். அதுவரை டைல்ஸ் மேல் ஒரு பழைய அட்டைப்பெட்டித் தாள் கிடக்கிறது; ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக் பார்க்கும்போது அதையும் மாற்றிவிடுகிறேன்.