சின்னப் பாய்மரப் படகில் நாயைக் கூட்டிக்கொண்டு போவது எப்படி?

நாய்க்குத்தான் நீச்சல் தெரியுமே, அப்புறம் என்ன என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். நீச்சலெல்லாம் பிறகு. பதினைந்து அடிப் படகில் தலைக்கு மேல் பூம் (பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் நீளமான கட்டை) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசும், காலடியில் கயிறு ஓடும், போதாததற்குப் படகே ஒரு பக்கமாகச் சாயும். இதற்கு நடுவில் தன் இடம் எது என்று நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் அதைப் பழக்குங்கள்.

படி 1: கரையிலேயே பழக்குங்கள்

வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி, அதில் படுக்க வீட்டிலேயே பழக்குங்கள். ஃபைபர் தரையில் நாயின் நகத்துக்குப் பிடிமானமே கிடையாது, அதனால் விரிப்பு கட்டாயம். அப்புறம் படகைக் கரையில் அசையாமல் நிறுத்தி, பாயை இழுக்கும் கயிறு ஓடாத மூலையாகப் பார்த்து, தரையோடு தரையாக அந்த விரிப்பைப் போடுங்கள். நாயைத் தூக்கி உள்ளே போடாதீர்கள், அதுவாக ஏறட்டும். இரண்டு மூன்று நாள் ஏறி இறங்கிப் பழகியதும் படகின் முனையைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைத்து, பாயை ஏற்றிச் சும்மா படபடக்க விடுங்கள். தண்ணீரைவிட இந்தச் சத்தத்துக்குத்தான் என் நாய் அதிகம் மிரண்டது. ஒரு வாரம் பிடித்தது, பரவாயில்லை.

படி 2: லைஃப் ஜாக்கெட்

முதுகில் உறுதியான கைப்பிடி உள்ளதாக, பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் நீந்தத் திணறும். நியூஃபவுண்ட்லாந்து நாய்க்கு விரல்களுக்கு நடுவே சவ்வே இருக்கிறது, அருமையாக நீந்தும். ஆனாலும் அதற்கும் போடத்தான் வேண்டும், ஏனென்றால் நனைந்த பெரிய நாயைப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தண்ணீரிலிருந்து படகுக்குள் தூக்குவது லேசில் நடக்காது. ஆழமில்லாத இடத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் தலை வழியாகக் கழன்றால் அளவு சரியில்லை.

படி 3: படகோடு கட்டாதீர்கள்

விழுந்துவிடுமோ என்று பயந்து கழுத்துப் பட்டையைப் படகில் கட்டிவைக்கிறவர்கள் உண்டு. சின்னப் படகு கவிழக்கூடியது. கவிழ்ந்தால் கட்டிய நாய் அடியில் மாட்டிக்கொள்ளும்.

படி 4: முதல் பயணம்

காற்றின் வேகம் 4 முதல் 10 நாட் (knot), அதாவது மணிக்குச் சுமார் 7 முதல் 18 கி.மீ.க்குள் இருக்கட்டும், அரை மணி நேரம் போதும். கூட ஒருவர் வேண்டும்: நீங்கள் சுக்கானையும் பாயையும் பாருங்கள், அவர் நாயைப் பார்க்கட்டும். சாப்பாட்டை மூன்று நான்கு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். எச்சில் வடிவது, ஓயாமல் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது எல்லாம் குமட்டலின் அறிகுறி, உடனே கரைக்குத் திரும்புங்கள்.

படகைத் திருப்புமுன் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். நான் "திரும்புறோம்" என்பேன். நாலைந்து பயணத்தில் என் நாய் அதைக் கேட்டதும் தலையைத் தாழ்த்தக் கற்றுக்கொண்டது, கூட வரும் நண்பர்கள்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. காற்று பின்னாலிருந்து வரும்போது திருப்பினால் பூம் ஒரே வீச்சில் பாய்ந்து வரும். நாய் இருக்கும்வரை, சுற்றுவழி ஆனாலும் காற்றை எதிர்கொண்டே திரும்புங்கள்.

வெயில்தான் அடுத்த கவலை. நாய் முக்கியமாக மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அதனால் நிழலும் நல்ல தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், நிறையக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சிவக்கிறதே என்று உங்கள் சன்ஸ்கிரீனைத் தடவாதீர்கள். துத்தநாக ஆக்சைடு உள்ளதை நக்கினால் நாய்க்கு விஷம்.

படி 5: விழுந்தால் தூக்குவது

நாயை வைத்துப் பழகுமுன் ஒரு மிதவையை எறிந்து நீங்கள் பழகுங்கள். ஒருவர் மிதவையிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. மற்றவர் சுற்றி வந்து, பாயைத் தளர்த்தி, படகைக் கிட்டத்தட்ட நிறுத்திய பிறகே கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். மோட்டார் ஓடினால் முதலில் அதை அணையுங்கள்.

படி 6: கரை சேரும்போது

என் நாய் விழுந்தது நடுத் தண்ணீரில் இல்லை, படகுத்துறையில். இன்னும் நாலடி இருக்கும்போதே கரையைப் பார்த்த சந்தோஷத்தில் தாவியது, படகுக்கும் துறைக்கும் நடுவே விழுந்தது. படகு நெருங்கிக்கொண்டே வருகிறது, நான் காலால் துறையை உதைத்துத் தள்ளிக்கொண்டே ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். அன்றிலிருந்து கயிறு இரண்டும் கட்டி முடிக்கும்வரை கூட வருபவரின் கை அந்தக் கைப்பிடியில்தான் இருக்கும்.

இறங்கியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதைத் துடைத்துவிடுங்கள். அடுத்த முறை ஜாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது நாயின் வாலைக் கவனியுங்கள். காலுக்கிடையில் போனால், மறுபடியும் கரை, விரிப்பு, படி 1.