காட்டு யானையை வரைய: குமரி மாவட்டத்து கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு

வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். ரப்பர் தோட்டத்து ஓரமாக யானை நின்றால் வண்டியை விட்டு இறங்கவும் வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் மதநீர் ஒழுகினால் உடனே விலகிவிடுங்கள். படம் முக்கியமில்லை.

கையில் சின்ன நோட்டும் 4பி (மென்மையான, கருமையாக எழுதும்) பென்சிலும் போதும். யானை நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முதலில் முதுகுக் கோடு, அடுத்து தலை, பிறகு கால்கள். நம் யானைக்கு முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், தலையில் இரண்டு மேடுகள். முதுகைப் பள்ளமாக்கி, காதையும் பெரிதாக்கினால் ஆப்பிரிக்க யானையாகிவிடும். பலரும் தவறுவது இங்கேதான். துதிக்கை நுனியில் ஒரு விரல்தான். பின்னங்கால் முட்டி நம் முட்டியைப் போலவே முன்பக்கம் மடங்கும்.

யானை போய்விட்டாலும் தடம் இருக்கும். வட்டமாக இருப்பது முன்னங்கால், நீள்வட்டம் பின்னங்கால். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். 130 செ.மீ. சுற்றளவென்றால் சுமார் 2.6 மீட்டர்.

நீர்வண்ணம் பூசும்போது கறுப்பு டியூபைத் தொடவே வேண்டாம், படத்தில் யானைத் தோல் செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும். மண் அப்பிய இடத்துக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), காதோரத்து வெளிறிய புள்ளிகளுக்கு இளஞ்சிவப்பு. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித் தாள்). மழைக்காலத்தில் இங்கே முதல் பூச்சு லேசில் காயாது. ஈரத்தோடு அடுத்ததைப் பூசினால் பூப்பூவாகத் திட்டு விழும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம்.