வீட்டுக்கு கிளாசிக் லுக் வேணுமா? சோபா கடைக்கு போறதுக்கு முன்னாடி செவுத்த அளந்துடுங்க

கிளாசிக் ஸ்டைல்னு சொன்னதும் பாதி பேருக்கு கண்ணுல தெரியுறது தங்கக் கலர் அடிச்ச சோபாவும் தலைக்கு மேல தொங்குற பெரிய சாண்ட்லியரும்தான். அதெல்லாம் வாங்கி இறக்குனாலும் ரூம் நாடக செட் மாதிரி நிக்குமே தவிர கிளாசிக்கா இருக்காது, ஏன்னா இந்த ஸ்டைலே அளவுலயும் ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்குறதுலயும்தான் இருக்கு, மினுமினுப்புல இல்ல.

இது எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா அளவெல்லாம் தானா புரியும். இத்தாலில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன பழைய ரோமானிய ஊருங்களான ஹெர்குலேனியத்த 1738லயும் பொம்பெய்ய 1748லயும் தோண்ட ஆரம்பிச்சாங்க, பழைய ரோமானிய வீட்டோட உள்பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஐரோப்பாவே பாத்து அசந்து போச்சு. ராபர்ட் ஆடம்னு ஒரு ஸ்காட்லாந்து ஆர்க்கிடெக்ட், 1750கள்ல இத்தாலி போய் இதெல்லாம் படிச்சிட்டு வந்து, செவுரு, சீலிங், கார்பெட், நாற்காலின்னு எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து டிசைன் பண்ணாரு. சீலிங்ல இருக்குற டிசைனுக்கு பொருந்துற மாதிரியே கீழ கார்பெட்டும் இருக்கும். கிளாசிக்ல செவுருங்கிறது படுக்கப் போட்ட வெத்துப் பரப்பு கிடையாது, அது ஒரு தூண். தூணுக்கு அடியில பீடம், நடுவுல தண்டு, மேல தலைப்பு இருக்குல்ல, அதே கணக்குதான் செவுத்துக்கும். கீழ தரையோரமா ஓடுற பட்டியான ஸ்கர்ட்டிங்கும் அதுக்கு மேல இடுப்பளவு டேடோவும் (ஒரு பட்டி அடிச்சு பிரிச்சு விட்ட கீழ்ப்பகுதி), நடுவுல காலிப் பரப்பு, சீலிங் சேர்ற இடத்துல கார்னிஸ்ங்கிற அலங்காரப் பட்டி.

அளவு இப்படி வச்சுக்கோங்க. 9 அடி உயர ரூம்னா ஸ்கர்ட்டிங் 5லருந்து 6 இஞ்ச், கார்னிஸ் 4லருந்து 5 இஞ்ச். டேடோ பட்டி தரையிலருந்து 32 இஞ்ச் கிட்ட வரட்டும். மூணுல ஒரு பங்குன்னு 36 இஞ்ச்சுல அடிப்பாங்க, அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா இன்னும் கொஞ்சம் கீழ இறக்குனா ரூம் உயரமா தெரியும். அந்தப் பட்டிக்கு ஆதியில ஒரு வேலையும் இருந்துச்சு, நாற்காலிய செவுத்தோரமா தள்ளும்போது முதுகு இடிச்சு பூச்சு பேந்து போகாம காப்பாத்துறது.

அடுத்தது பேனல், அதாவது மோல்டிங்ன்னு சொல்ற மேடான அலங்காரப் பட்டிய செவுத்துல கட்டம் கட்டமா ஒட்டுறது. நெறைய வீட்ல சொதப்புறது இங்கதான், ஏன்னா ஆசாரி ஒரு மூலைல ஆரம்பிச்சு ஒரே அளவுல அடிச்சுக்கிட்டே போவாரு, கடைசி மூலைல அரைப் பேனல் வந்து நிக்கும். எப்பவும் செவுத்தோட நட்ட நடுவுலருந்து கணக்கு போடுங்க. உதாரணத்துக்கு 12 அடி செவுரு, அதாவது 144 இஞ்ச், மூணு பேனல். ரெண்டு ஓரத்துலயும் பேனலுக்கு நடுவுலயும் 4 இஞ்ச் விட்டா நாலு இடைவெளி, 16 இஞ்ச் போச்சு, மிச்சம் 128. அத மூணா சமமா பிரிக்காதீங்க, நடுப் பேனல் 64, ஓரத்துக்கு 32, 32ன்னு வைங்க. நடுவுல 55 இஞ்ச் டிவி மாட்டுறதா இருந்தா அதோட அகலம் 48 இஞ்ச் கிட்டதான் வரும், ரெண்டு பக்கமும் 8 இஞ்ச் மூச்சு விட இடம் இருக்கும்.

மோல்டிங் வாங்குறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப்ப இதே அளவுல ஒட்டிப் பாத்து ஒரு ரெண்டு நாள் அப்படியே விடுங்க. சுவிட்ச் போர்டு பாதி பேனல் உள்ள பாதி வெளியன்னு மாட்டிக்கிட்டு நிக்குதான்னு அப்பவே தெரிஞ்சிடும், எலக்ட்ரீஷியன கூப்பிட்டு போர்ட நகத்துறதா இருந்தா பெயிண்ட்டுக்கு முன்னாடியே நகத்திடணும். ரசமட்டம் வச்சு கோடு போடுங்க, கண்ண நம்பாதீங்க. மூலைய 45 டிகிரில வெட்டணும், வெட்டு சேர்ற இடத்துல புட்டி வச்சு தேச்சு அப்புறம் ப்ரைமர், இந்த வேலைய பெயிண்டர் அவசரத்துல விட்டாருன்னா என்ன விலை மோல்டிங் போட்டாலும் மலிவா தெரியும். மரம்தான் வேணும்னு இல்ல, பெயிண்ட் அடிக்கப் போறதா இருந்தா எம்டிஎஃப் (மரநார அழுத்தி செஞ்ச பலகை) இல்லன்னா பாலியூரித்தேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) போதும், ஈரம் வர்ற செவுத்துல எம்டிஎஃப் மட்டும் வேண்டாம், ஊதிடும்.

கலர் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஐவரி, சாம்பல் கலந்த நீலம், மங்கின பச்சை இதுல எதுவும் ஓடும். சின்ன ரூமா இருந்தா செவுத்துக்கும் மோல்டிங்குக்கும் ஒரே கலர் அடிங்க, செவுரு மேட் (பளபளப்பே இல்லாதது), மோல்டிங் சாட்டின் (லேசா பளபளக்குறது), அந்த பினிஷ் வித்தியாசமே போதும்.

சாண்ட்லியருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, ரூமோட நீளத்தையும் அகலத்தையும் அடில கூட்டுங்க, வர்ற நம்பர்தான் சாண்ட்லியரோட விட்டம் இஞ்ச்சுல. 12க்கு 14 ரூம்னா 26 இஞ்ச். ஆள் நடக்குற இடம்னா அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் 7 அடி இருக்கணும், டைனிங் டேபிளுக்கு மேலன்னா டேபிள்லருந்து 30லருந்து 36 இஞ்ச். சீலிங் தாழ்வா இருந்தா பிடிவாதம் பிடிக்காம சீலிங்க ஒட்டின மாடல் போடுங்க. பல்பு 2700 கெல்வின் வார்ம், அதாவது மஞ்சள் வெளிச்சம், சீலிங் முழுக்க ஸ்பாட் லைட்ட குத்தி வைக்காதீங்க ப்ளீஸ், பக்கவாட்டுல ஜோடியா ரெண்டு வால் லைட் இருந்தாதான் மோல்டிங்கோட நிழல் விழும், நிழல் விழலன்னா அவ்ளோ கஷ்டப்பட்டு ஒட்டினது கண்ணுலயே படாது.

கர்ட்டன் கம்பிய ஜன்னல் பிரேமுக்கு மேல ஒரு 5 இஞ்ச் தள்ளி, ரெண்டு பக்கமும் 6 இஞ்ச் நீட்டி மாட்டுங்க, துணி கம்பி அகலத்தப் போல ரெண்டு மடங்குக்கு குறையாம இருக்கணும், கீழ தரைய தொடணும். கணுக்கால் உயரத்துல நிக்குற கர்ட்டன் மொத்த ரூமையும் கெடுத்துடும்.

இப்பதான் பர்னிச்சர். முழு செட்டா வாங்காதீங்க, ஷோரூமத் தூக்கிட்டு வந்த மாதிரி ஆயிடும். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல கண்ணு போற இடம் எதுன்னு பாத்து அங்க நேரா சோபா, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, எதிர்ல ஜோடி நாற்காலி, அவ்ளோதான். கால் மட்டும் கவனிச்சு வாங்குங்க, வளைஞ்ச காலோ கோடு செதுக்குன நேர்க் காலோ எதுவா இருந்தாலும் ரூம்ல ஏதாவது ஒரு வகைக் கால் மேலோங்கி இருக்கட்டும். கார்பெட் சோபாவோட முன்காலாவது ஏறி நிக்குற அளவு பெருசா வேணும். படம் மாட்டும்போது படத்தோட நடுப்பகுதி தரையிலருந்து 57 இஞ்ச் கிட்ட வரட்டும், பேனலுக்குள்ளதான் மாட்டணும், கோட்டத் தாண்டக் கூடாது.

பட்ஜெட் கம்மியா இருந்தா ரூம் முழுக்க அரைகுறையா பண்றதுக்கு பதிலா நுழைஞ்சதும் எதிர்ல தெரியுற ஒரே செவுத்துக்கு மட்டும் பேனல் போடுங்க, மத்த மூணுலயும் கார்னிஸும் ஸ்கர்ட்டிங்கும் ஓடுனா போதும், பேனல பின்னாடி சேர்த்துக்கலாம். ஆனா மோல்டிங்கோட மாடல் நம்பரையும் பெயிண்ட்டோட கலர் நம்பரையும் எழுதி வச்சு, ரெண்டு துண்டு எக்ஸ்ட்ராவா வாங்கி பரண்ல போட்டுடுங்க, கொஞ்ச வருஷம் கழிச்சு அதே டிசைன் கேட்டா கடைக்காரர் அப்படி ஒண்ணு வந்துச்சான்னு நம்மளையே திருப்பிக் கேப்பாரு.