200 நெட் பிளான் போட்டும் 24 தான் வருதா? சண்டைக்கு போறதுக்கு முன்னாடி இதை பாருங்க

போன வாரம் மச்சான் போன் பண்ணி ஒரே கத்தல். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், படம் இறக்கும்போது 24-க்கு மேல போகவே மாட்டேங்குது, ரெண்டு தடவை கம்ப்ளைன்ட் கொடுத்தாச்சு, நல்லா ஏமாத்துறானுங்கன்னு. ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கி பாத்தா, 24-க்கு பக்கத்துல "எம்பி"ல இருக்கிற பி பெரிய எழுத்து. மனுஷனுக்கு கிட்டத்தட்ட முழு ஸ்பீடும் வந்துட்டுதான் இருக்கு.

முதல் தப்பு இதுதான், முக்காவாசி பேர் இதுலதான் மாட்டுறாங்க. நெட் கம்பெனி பேசுறது பிட்ல, இங்கிலீஷ்ல சின்ன பி; எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு எத்தனை மெகாபிட்னு அர்த்தம். டவுன்லோட் காட்டுறது பைட்ல, அது பெரிய பி. 8 பிட் சேந்தா 1 பைட், அதனால 200-ஐ எட்டால வகுத்தா 25, அவ்ளோதான் கணக்கு. 4 ஜிபி படம் 20 செகண்ட்ல இறங்கும்னு நெனச்சு உக்காந்தா கடுப்புதான் மிஞ்சும், 2 நிமிஷம் 40 செகண்ட் ஆகும், அதுவும் எல்லாம் ஒழுங்கா இருந்தா. கம்பில டேட்டா பிட் பிட்டா போகுது, அதனால நெட்வொர்க்காரங்க பிட்ல எண்றாங்க, விளம்பரத்துக்கு பெரிய நம்பர் கிடைக்குதுங்கிறது போனஸ்.

அடுத்தது ரவுட்டர் டப்பா. ஏசி1200-ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், உடனே நம்ம போனுக்கு 1200 வரும்னு நெனச்சுக்குவோம். ரவுட்டர் பேசுறது ரெண்டு பேண்ட்ல, அதாவது ரெண்டு அலைவரிசைல; 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867, ரெண்டையும் கூட்டி முழு நம்பராக்கினதுதான் அந்த 1200. போன் பொதுவா ஒரு நேரத்துல ஏதோ ஒரு பேண்ட்லதான் நிக்கும். அந்த 867-ம் போனும் ரவுட்டரும் காத்துல பேசிக்கிற லிங்க் ஸ்பீடுதான், கைக்கு வர்றது பாதி, கொஞ்சம் கூட வந்தா அதிர்ஷ்டம். வைஃபைல பொதுவா ஒரு சேனல்ல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் பேச முடியும், ஒரே மைக்கை வீட்ல எல்லாரும் கை மாத்தி பேசுற கதை.

இதுல நானே ஏமாந்திருக்கேன். டப்பால 1200 பாத்து வாங்கிட்டு வந்த ரவுட்டர், 300 பிளான்ல 94-ஐ தாண்டவே இல்ல. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சு, கடைசில டப்பா பின்னாடி பொடி எழுத்துல பாத்தா கேபிள் சொருகுற போர்ட் எல்லாம் "ஃபாஸ்ட் ஈதர்நெட்". அந்த ஃபாஸ்ட் 1995 காலத்து ஃபாஸ்ட், 100 எம்பிபிஎஸ். கிகாபிட் போர்ட்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கணும், காத்துல எவ்ளோ வேகம் இருந்தா என்ன, உள்ள வர்ற குழாயே சின்னது. கேபிளும் இதே வேலைய காட்டும், கிகாபிட்டுக்கு உள்ள இருக்கிற 8 கம்பியும் வேணும், 100-க்கு 4 போதும், எலி கடிச்சோ, முனைல கனெக்டரை அமுக்கி மாட்டுற கிரிம்ப் சரியில்லாமலோ மத்த 4-ல ஒண்ணு போச்சுன்னா சத்தமே இல்லாம 100-க்கு இறங்கிடலாம்.

வைஃபை பேருக்கு பின்னாடி 5ஜி-ன்னு வந்தா அது சிம் கார்டு 5ஜி இல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட். பக்கத்துல நின்னா பறக்கும், ரெண்டு சுவர் தாண்டினா மூச்சு வாங்கும். வைஃபை 4, 5, 6-ன்னு நம்பர் வெச்சது 2018-ல வைஃபை அலையன்ஸ்ங்கிற கம்பெனிகளோட கூட்டமைப்பு, அதுக்கு முன்னாடி 802.11என், ஏசி, ஏஎக்ஸ்னு வாயில நுழையாத பேருங்கதான். வைஃபை 6 ரவுட்டர் வாங்கி பழைய வைஃபை 5 போனை கனெக்ட் பண்ணா அது வைஃபை 5-லதான் ஓடும், போனுக்கு புது ஆன்டெனா முளைக்காது.

கம்ப்ளைன்ட் பண்ணியே ஆகணும்னா லேப்டாப்பை நேரா ரவுட்டர்ல கேபிள் போட்டு மாட்டுங்க. விண்டோஸ் ஈதர்நெட் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடு 1000-ன்னு இருக்கா 100-ன்னு இருக்கான்னு பாருங்க. 1000 இருக்கு, மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணியாச்சு, அப்பவும் டெஸ்ட்ல 200-க்கு 60 தான் வருதுன்னா தாராளமா சண்டை போடுங்க, உங்க பக்கம்தான் நியாயம்.