துருசுக் கதவும் அளவீட்டுத் தாளும்

முல்லைத்தீவுப் பக்கம் சிறு குளமொன்றில் துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு, திருத்தி முடிந்ததாகப் பலகை நட்டிருந்தார்கள். கீழ்வயலுக்கோ தண்ணீர் வரவில்லை. கமக்காரர்கள் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி எழுதினால், ஒரு மறுப்பறிக்கையோடு விஷயத்தை மூடிவிடுவார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். “வேலை திருப்திகரமாக முடிந்தது” என்று ஒற்றை வரி வந்தது.

சரி, ஆவணத்தையே பெயர் சொல்லிக் கேட்போம் என்று மறுபடி எழுதினேன்: ஒப்பந்தம், செய்த வேலையின் அளவுகளைப் பதிந்த அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர், கணக்காய்வாளர்கள் எழுத்தில் எழுப்பும் கேள்வியான கணக்காய்வு ஐயவினா, அதற்குக் கொடுத்த பதில். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவருடைய முடிவுகள் மீதான மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்த பிறகுதான் பிரதிகள் கிடைத்தன.

அளவீட்டுத் தாளையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு, கமக்காரர் அமைப்புச் செயலாளரோடு குளக்கட்டில் நின்று வரிவரியாகப் பார்த்தோம். தாளில் புதிய இரும்புக் கதவு, பணமும் கொடுத்தாயிற்று. எதிரே நின்றது துருவேறிய பழைய கதவு, அதை ஏற்றி இறக்கும் திருகுதண்டு அசையவேயில்லை. கொங்கிறீட் சுவரும் தாளில் இருந்த நீளத்துக்குக் குறைவு.

கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளையும் வாசித்தேன். அவை தமிழிலும் வெளிவருகின்றன. கணக்காய்வு அவதானிப்பு தீர்ப்பாகாது என்பதால், நிர்வாகத்தின் பதிலையும் சேர்த்தே வெளியிட்டேன்.

காலபோக விதைப்புக்கு முன் புதிய கதவு பூட்டினார்கள். அதிகமாகக் கொடுத்த பணத்தை மீட்டார்களா என்று இப்போது இன்னொரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.