டீ பேக்குக்குப் பதில் ஒரு துணிப்பை தைக்கலாம்

பார்ப்பதற்குக் காகிதம் மாதிரி இருந்தாலும், பல டீ பேக்குகளில் ஓரத்தைச் சூட்டில் ஒட்டுவதற்காகப் பாலிப்ரோப்பிலின் இழை கலந்திருக்கும். பளபளப்பான முக்கோண வலைப் பைகள் பெரும்பாலும் நைலான், பெட் (PET) போன்ற பிளாஸ்டிக்தான். 2019இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பைகளைத் தூளை எடுத்துவிட்டு 95 டிகிரி வெந்நீரில் போட்டார்கள். ஒரு பையிலிருந்து சுமார் 1160 கோடி மைக்ரோபிளாஸ்டிக் துகள்கள் வருவதாகக் கணக்கிட்டார்கள். அந்த எண்ணிக்கை மிக அதிகம் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்ததும் உண்டு. எனக்கோ, கொதிநீரில் பிளாஸ்டிக் எதற்கு என்பதே போதுமான கேள்வி.

சரி, முதலில் உங்கள் டீ பேக்கைச் சோதியுங்கள். காலிப் பையைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து வையுங்கள். சில மாதங்கள் கழித்தும் மெல்லிய வலையாக மிஞ்சினால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது.

இனி தைக்கலாம். சாயம் போடாத பருத்தி மல் துணி கால் மீட்டர் போதும். அதை 10 நிமிடம் கொதிக்க வைத்து அலசுங்கள். கஞ்சி போகாவிட்டால் டீயில் துணி வாசனை வரும். காய்ந்ததும் 10 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, வாய்ப்பக்கம் வரும் இரண்டு முனைகளையும் மடித்துத் தையுங்கள். பிறகு குறுக்கே இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்துத் திருப்பிவிடுங்கள். நூல் வாங்கும்போது கவனம்: கடையில் சாதாரணமாகத் தருவது பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் என்று கேட்டு வாங்குங்கள். வாயைக் கட்டவும் பருத்திக் கயிறுதான்.

டஸ்ட் டீ துணி வழியே கசியும், துணியின் நுண்துளைகளையும் அடைக்கும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் மாதிரி இலைத்தேயிலை போடுங்கள். ஒரு கப்புக்கு 2 கிராம், அதாவது தளர்வாக ஒரு டீஸ்பூன். இலை ஊறிப் பெருகும் என்பதால் பையில் முக்கால்வாசி இடம் காலியாக இருக்கட்டும். 3 முதல் 5 நிமிடம் ஊறினால் போதும்.

குடித்த உடனே பையை உட்புறம் வெளியே திருப்பி அலசுங்கள். சோப்பு வேண்டாம், அதன் வாசனை துணியில் தங்கிவிடும். வெயிலில் நன்றாகக் காயவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கும், அதனால் இரண்டு மூன்று பைகள் தைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கறை போகாது, அதனால் குறையில்லை.

பால் டீ கொதிக்க வைப்பவர்களுக்கு இந்தப் பை தேவையில்லை. வடிகட்டியை மட்டும் பாருங்கள்: வலை நைலானாக இருந்தால், எவர்சில்வர் வடிகட்டிக்கு மாறிவிடுங்கள்.